மாப்பிள்ளை கியர் பழகிய மூன்று வாரம்

என் தங்கையின் கணவர் பதினோரு வருடங்களாக மோட்டார் சைக்கிள் விற்கிறார். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறார். முறுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். அதில்தான் வேலைக்கு வருவார். கேட்பவர்களிடம், "வீட்ல அவளுக்கும் ஓட்டத் தோதா இருக்கட்டும்னு வாங்கினேன்" என்று பழியைத் தங்கை தலையில் போட்டுவிடுவார். அவள் அந்த ஸ்கூட்டரைத் துடைப்பதற்குத் தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை.

நாங்கள் இருவரும் வேலை செய்வது ஒரே கட்டடத்தில். முன்பக்கம் ஷோரூம், பின்பக்கம் சர்வீஸ் ஷெட், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் ஏசி, வழவழப்பான தரை, வரிசையாகப் புது வண்டிகள். இந்தப் பக்கம் தகரக் கூரை, எண்ணெய், புழுக்கம், நான். என் கை பட்டால் கண்ணாடியில் கறுப்பாகத் தடம் விழும். மாப்பிள்ளை உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் துடைப்பார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். பதினோரு வருடமாக அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதற்கு முன் ஒரு செருப்புக் கடையில் இருந்தார். வருகிறவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர்கள் காலில் ஷூ மாட்டிவிடுகிற வேலை. தங்கையைக் கேட்டு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"உங்களுக்கு வலது கால் கொஞ்சம் பெரிசு மச்சான். செருப்பு வாங்கும்போது வலது காலுக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்க."

கல்யாணப் பேச்சே இன்னும் முடியவில்லை, அதற்குள் மச்சான். போதாததற்கு என் காலில் குறை வேறு. கதவுக்குப் பின்னால் தங்கை சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றைக்கு வந்த எரிச்சல் இன்றுவரை இறங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்த ஆறே மாதத்தில் கழுத்தில் டை ஏறியது. ஒரு வருடத்தில் முதலாளி அவரை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். என்னைப் பத்தொன்பது வருடமாக 'ஏம்ப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். இன்ஜினைப் பிரித்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டத் தெரிந்தவனுக்கு ஏம்ப்பா. பெட்ரோல் டேங்கைத் தடவிக்கொடுத்துப் பல்லைக் காட்டுகிறவருக்கு சார்.

வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லி யாராவது கேட்டால் மாப்பிள்ளை சாவியை நீட்டுவார். "நான் ஓட்டிக் காட்டினா நீங்க என்னைத்தான் பார்ப்பீங்க சார், வண்டியப் பார்க்க மாட்டீங்க. நீங்களே ஏறுங்க" என்பார். வந்தவர் உச்சி குளிர்ந்து ஏறிப் போவார். உள்ளே ஒரு வண்டியை இடம் மாற்ற வேண்டுமென்றால் தள்ளிக்கொண்டு போவார். கேட்டால், புகை படிந்து சுவர் கெட்டுவிடுமாம். இப்படியே பதினோரு வருடம் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் என்னென்ன நிறத்தில் வண்டி வரும் என்பதும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதும்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவர் ஒரு வாடிக்கையாளரைப் பிடித்து நிறுத்திப் பேச ஆரம்பித்தால் நான் ஷெட்டுக்குள் போய்விடுவேன். அந்தப் பேச்சை முழுதாக ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருடம் முதலாளி எங்கேயோ போய் எதையோ பார்த்துவிட்டு வந்து ஒரு புது விதி போட்டார். விற்பனை ஆட்கள் இனி வாடிக்கையாளரைப் பின்னால் உட்காரவைத்து மெயின் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒவ்வொருவரும் முதலில் அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்ட வராதவர்கள் குடோனில் உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கலாம். குடோன் என்பது ஷெட்டையும் தாண்டி உள்ளே, ஜன்னல் இல்லாத அறை. அங்கே டை கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன.

அன்று மத்தியானம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை ஷெட்டுக்குள் வந்தார். எண்ணெய் படாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு ஜோடி ஷூ போட்டிருப்பார். குனிந்தால் முகம் தெரியும். செருப்புக் கடையை விட்டாலும் அந்தப் புத்தி விடவில்லை, நாளைக்கு இரண்டு தடவை பாலிஷ்.

"மச்சான், ஒரு விஷயம். நமக்குள்ளயே இருக்கட்டும்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"எனக்குக் கியர் வண்டி வராது."

தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். "விளையாடாதீங்க" என்றேன்.

"நிஜமாத்தான். சின்ன வயசுல ஒருத்தரோட வண்டிய எடுத்து சுவத்துல விட்டுட்டேன். அதுக்கப்புறம் கிளட்ச்சப் பிடிச்சாலே கை நடுங்குது. குடோனுக்கு அனுப்பிட்டா உங்க தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்? நாள் பூரா இங்க புது வண்டியில சுத்துறதா அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவளும் பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லி வெச்சிருக்கா."

எனக்கு வந்த சந்தோஷம் முகத்தில் தெரியாமல் இருக்க ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். "அதுக்கென்ன மாப்பிள்ளை, நான் இருக்கேன்ல" என்றேன்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டு. ரிப்பேர் முடிந்த வண்டிகளின் பிரேக்கை அங்கேதான் ஓட்டிப் பார்ப்போம். தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே வரச் சொன்னேன். முதல் நாளே வந்து நின்றார், அந்த நேரத்திலும் பளபளக்கும் ஷூவோடு.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். கியர் போடுவதில் எங்களிடம் இரண்டு வகை வண்டிகள் இருந்தன. பழைய வண்டிகள் சிலவற்றில் எல்லா கியரும் முன்னால் மிதித்தால் விழும். முதலாளி முன்னால் ஓட்ட வேண்டிய புது வண்டியில் அப்படி இல்லை. முதல் கியரை மட்டும் மிதிக்க வேண்டும். மற்ற நான்கையும் கால் நுனியை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். ஒன்றில் பழகிய கால் மற்றதில் ஏறினால் தலைகீழாக வேலை செய்யும். ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்கிவிடும். வண்டி அலறி, உதறி, பின்னால் இருக்கிறவரை முன்னால் இருக்கிறவர் முதுகில் கொண்டுபோய் மோதும். இரண்டு வகையும் அன்று ஷெட்டில் நின்றன. நான் பழையதைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளை அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல பழகினா போதுமா மச்சான்? அந்த வண்டியும் இதே மாதிரிதானா?"

"வண்டின்னா எல்லாம் வண்டிதான்" என்றேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முதலாளியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் அவர் தவளை மாதிரி துள்ளித் துள்ளிப் போய் நிற்க வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருடச் சிரிப்புக்கு ஒரே ஒரு நாள் பதில் சிரிப்பு. இது பெரிய பாவமாக எனக்கு அப்போது படவில்லை.

அவர் கற்றுக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். கிளட்ச்சை மெதுவாக விடுங்கள் என்றால், சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர் போலச் சட்டென்று விடுவார். வண்டி ஒரு முழம் தாவி ஆஃப் ஆகிவிடும். முதல் நாள் பதினேழு தடவை ஆஃப் ஆனது; நான் எண்ணினேன், எனக்கு வேறு என்ன பொழுதுபோக்கு. ஆஃப் ஆகும்போதெல்லாம் வண்டியிடம், "சாரி சாரி" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்ஜின் நல்லா சுறுசுறுப்பா இருக்கு மச்சான்" என்பார். விழுந்து கிடந்தாலும் அந்த வாய் விற்றுக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாம் நாள் கிளட்ச்சை விடவே மாட்டேன் என்றார். இன்ஜின் கத்துகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, இவர் ஹாண்டில்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு யாராவது இருந்தால் தலையில் ஒன்று வைத்திருப்பேன். மாப்பிள்ளை ஆயிற்றே. "பரவாயில்ல மாப்பிள்ளை, வரும்" என்றேன். மூன்றாம் நாள் வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கூடவே ஓடிப் பிரேக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு மனிதனுக்கு இத்தனை வயதில் இவ்வளவு பயம் இருக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அந்தக் கையா டேங்கைத் தட்டி, "இது சிங்கம் சார்" என்று விற்றது என்று நினைத்தால் எனக்குக் குமட்டியது.

ஆனால் ஒருநாள் கூட வராமல் இருந்ததில்லை. மழை தூறிய அன்று நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். போனில் கூப்பிட்டு, "நான் வந்துட்டேன் மச்சான், நீங்க மெதுவா வாங்க" என்றார். அதற்கும் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம், கதவுக் கண்ணாடி வழியாக ஒரு கண்றாவியைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம், ஷோரூமில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. விற்பனைக்கு நிறுத்தியிருந்த புது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. அதன் மேல் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தரை துடைக்கிற அம்மா பின்னால் குந்தி உட்கார்ந்து, தரையில் படாமல் நின்ற பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். குறுக்கே மேசை இருந்ததால் மாப்பிள்ளையின் கால் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் போதுமானதாக இருந்தது. அன்று முழுக்க ஷெட்டில் எல்லோருக்கும் அதை நடித்துக் காட்டினேன். மரக்குதிரை ஆடுகிற குழந்தை என்றேன். நன்றாகவே சிரித்தார்கள்.

அதே வாரம்தான் அவர் ஷூவையும் கவனித்தேன். இடது ஷூவின் மேல் நுனியில், கட்டைவிரலுக்கு மேலே, கறுப்பாக ஒரு தேய்மானம். பாலிஷ் போட்டும் மறையவில்லை. "என்ன மாப்பிள்ளை, ஷூவுக்கு வயசாயிடுச்சு போல" என்றேன். காலை வண்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "ஆமா மச்சான்" என்றார். பெருமை அடித்துக்கொள்ள இருந்த ஒரே பொருளும் போயிற்று என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது வார முடிவில் அந்தப் பழைய வண்டியில் நான்கு கியரும் போட்டு அந்த இடத்தைச் சுற்றி வந்தார். அழகாக ஒன்றும் இல்லை. திருப்பத்தில் காலை ஊன்றிக்கொண்டார், நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் கியர் ஒவ்வொன்றையும் சுத்தமாக மிதித்துப் போட்டார். நான் தட்டிக்கொடுத்தேன். "ஜோரா வந்துடுச்சு. அன்னைக்கும் இதே மாதிரி மிதிங்க, ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றேன். "எல்லாம் உங்க புண்ணியம் மச்சான்" என்றார்.

சோதனை நாள் காலை, விற்பனை ஆட்கள் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். ஷெட்டிலிருந்தும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தோம். முதலாளி படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நான் யார் பின்னாடியும் ஏற மாட்டேன். எனக்கு உசுரு முக்கியம். அவங்கவங்க ஒரு ஆளை ஏத்திக்கிட்டு மெயின் ரோட்டுல எறங்கி, பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார். முதல் மூன்று பேரும் வாட்ச்மேனை ஏற்றிக்கொண்டு போய் வந்தார்கள். அடுத்து மாப்பிள்ளை. வாட்ச்மேன் எழுந்தார். மாப்பிள்ளை அவரை உட்காரச் சொல்லிவிட்டு வாசல் கேட்டின் பக்கம் கை காட்டினார்.

என் தங்கை வந்தாள். நல்ல உடுப்பு உடுத்தி, தலை வாரி, புதிதாக வாங்கிய ஹெல்மெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கதையை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கப் போகிற முகம். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், அவர் தோளில் கை வைத்துப் பின்னால் ஏறினாள்.

நான் ரோட்டுப் பக்கம் பார்த்தேன். வாசலிலிருந்து மெயின் ரோடு சரிவாக இறங்கும். இறங்கியதும் லாரிகள். அந்தச் சரிவில் வேகம் ஏறியதும் இரண்டாவது கியர் போடப் போகிறேன் என்று அவர் மிதித்தால், கியர் ஒன்றிலேயே நிற்கும், கிளட்ச்சை விட்டதும் பின்சக்கரம் இழுக்கும், பின்னால் இருப்பவள் என் தங்கை. மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் காலை மிதிக்கப் பழக்கியவன் நான்.

அவர் ஸ்டார்ட் செய்தார். முதல் கியர் விழுந்த சத்தம் கேட்டது. நான் ஓடினேன். பாதி வழியில் ஒரு செருப்பு அறுந்து பறந்தது. போய் இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, நில்லுங்க. இந்த வண்டியில கியர் வேற மாதிரி. மிதிக்கக் கூடாது, தூக்கணும். நான் சொல்லிக் குடுத்த மாதிரி போடாதீங்க."

வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்தி, எனக்கும் தங்கைக்கும் மட்டும் கேட்கும்படி பேசினார்.

"தெரியும் மச்சான். ஒண்ணு கீழ, நாலு மேல. பதினோரு வருஷமா இதைச் சொல்லித்தானே வித்துக்கிட்டிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்கு வேலை ஜாஸ்தி, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். சொன்னா சங்கடப்படுவீங்க. அதான் கிளட்ச்சும் பேலன்சும் உங்ககிட்ட பழகிக்கிட்டு, தூக்கிப் போடுறத மட்டும் மத்தியானத்துல உள்ள நிக்கிற வண்டியில பழகினேன்."

அப்போது என் பார்வை அவருடைய இடது ஷூவின் மேல் விழுந்தது. கியரை அடியிலிருந்து தூக்கித் தூக்கி ஏற்படுகிற தேய்மானம் அது. கியர் நெம்புகோலின் ரப்பர் உரசி வருகிற கறுப்பு. பத்தொன்பது வருடத்தில் ஆயிரம் கால்களில் அதைப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த எடுபிடிக்குக் கூடத் தெரியும். என் கண்ணில் படவும் செய்தது. கிண்டல் பண்ணத்தான் அது எனக்குப் பயன்பட்டது.

தங்கை அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"மறந்துட்டியாண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிடித்திருந்த ஹாண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் எதையும் மறக்காதுங்க" என்றாள் அவரிடம். "நீங்க போங்க."

ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுத்தேன். புது வண்டியில் என் கைத்தடம் கறுப்பாக விழுந்திருந்தது. அவர் பையிலிருந்த துணியை எடுக்கவில்லை. கிளட்ச்சை விட்டார், வண்டி ஒரு முறை ஆஃப் ஆனது. யாரோ சிரித்தார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து, மெல்ல விட்டு, நகர்ந்தார். சரிவில் இறங்கும்போது அவருடைய இடது கால் நுனி மேலே எழும்புவதைப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கி மிருதுவானது. இன்னொரு தரம் எழும்பியது. தங்கையின் கை அவர் தோளில் சும்மா இருந்தது, இறுக்கிப் பிடிக்கக்கூட இல்லை.

அவர்கள் திரும்பி வரும் வரை நான் அங்கேயே நின்றேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் என்னைப் பற்றி நான் நினைத்ததை, பதினோரு வருடத்தில் அவரைப் பற்றிக்கூட நினைத்ததில்லை.

வந்து இறங்கியதும் முதலாளி கைதட்டினார். "பரவாயில்லையே சார். ஸ்கூட்டர் ஆளுன்னு நெனச்சேன். எங்க பழகினீங்க?"

"எல்லாம் மச்சான் கத்துக் குடுத்தது சார். மூணு வாரமா தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வந்தாரு" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அடேங்கப்பா. அடுத்த மாசம் புதுசா சேர்ற ஆளுங்களுக்கும் நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க சார்" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் சார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

எல்லோரும் கலைந்து போனார்கள். தங்கை ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். வழியில் கிடந்த என் செருப்பை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். வார் அடியோடு பிய்ந்திருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் அறுவது அந்தக் கால் செருப்புதான்.

"வலது கால்" என்றாள். "அவர் அன்னைக்கே சொன்னாருல்ல."

நான் குனிந்து செருப்பை எடுப்பதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அவர் பக்கம் போய்விட்டாள்.